மலிவு விலைக் காரும் இரண்டு ரயில் நிலையங்களும்

அம்பாசடர் பிறந்த ஊரும் நானோ பிறக்காமல் போன ஊரும் ஹௌராவிலிருந்து ஒரே தடத்தில் இருக்கின்றன. கார் வாங்க நினைக்கும் ஒரு கொல்கத்தா தமிழ்க் குடும்பத்துக்காக, விலையின் கதையைத் தேடி ஒரு நாள் பயணம்.

2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கிய மழை, மறுநாள் விடிந்தபோது கொல்கத்தாவை ஏரியாக்கிவிட்டிருந்தது. 24 மணி நேரத்தில் 250 மில்லிமீட்டருக்கும் அதிகம். துர்கா பூஜைக்காகப் பாதி எழும்பியிருந்த பந்தல்கள் தண்ணீரில் நின்றன. தெருவில் தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்து பலர் இறந்தனர். தெற்குக் கொல்கத்தாவில், தமிழர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் லேக் மார்க்கெட் பகுதியில், அன்று காலை என் சித்தப்பாவுக்கு மூச்சுத் திணறல்.

சித்தப்பா மகன் கைபேசியில் வாடகைக் கார் தேடினான். ஒவ்வொன்றாக வந்து, ஒவ்வொன்றாக ரத்தாயிற்று. அரை மணி நேரம் கழித்து, தெருமுனையில் வண்டியிலேயே படுத்துத் தூங்கும் பீகார்க்கார டாக்சி ஓட்டுநர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். மஞ்சள் அம்பாசடர். மேடான தெருக்களாகப் பார்த்துச் சுற்றிச் சுற்றி ஓட்டி, ஒரு மணி நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்தார். மீட்டருக்கு மேல் நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். சித்தப்பா பிழைத்துக்கொண்டார்.

"இனி ஒரு கார் இல்லாமல் முடியாது அண்ணா" என்றான் தம்பி, பூஜை முடிந்த மறுவாரம் நான் போய்ச் சேர்ந்தபோது. சால்ட் லேக்கில் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. மூன்று விளம்பரப் புத்தகங்களை மேசையில் விரித்துவைத்திருந்தான். மூன்றும் ஒரே ஜாதி: நான்கு மீட்டருக்குள் அடங்கும், தரையிலிருந்து உயர்ந்து நிற்கும், ஜீப் மாதிரி முகம் காட்டும் சிறு கார்கள். ஆங்கிலத்தில் காம்பாக்ட் எஸ்.யு.வி. என்று பெயர். விலை ஏழிலிருந்து பத்து லட்சம்.

"பத்து லட்சமா?" என்றார் சித்தப்பா, சாய்வு நாற்காலியிலிருந்து. கும்பகோணத்திலிருந்து 1968இல் இந்த ஊருக்கு வந்து, டல்ஹவுசி சதுக்கத்தில் ஒரு வணிக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். "அந்த ரூபாய்க்கு ஆயுசு முழுக்க டாக்சியில் போகலாமேடா."

கணக்குப்படி அவர் சொன்னது சரி. டாக்சி இருக்கும்வரை சரி. ஆனால் அந்த மஞ்சள் டாக்சிகளுக்கு நாள் குறித்தாகிவிட்டது. 15 ஆண்டுகளைத் தாண்டிய வாடகை வாகனங்கள் மாநகரில் ஓடக்கூடாது என்பது கல்கத்தா உயர் நீதிமன்றம் 2008இல் இட்ட உத்தரவு. அம்பாசடர் உற்பத்தி நின்றது 2014இல். எனவே கடைசி அம்பாசடர் டாக்சியும் 2029க்குள் சாலையை விட்டுப் போயாக வேண்டும். இடையில் 2025இல் மஞ்சள் வண்ணம் பூசிய வாகன்-ஆர் கார்களை மாநில அரசு பாரம்பரிய டாக்சி என்ற பெயரில் இறக்கிவிட்டது. வண்ணம் மட்டும்தான் பாரம்பரியம்.

சாமானியனுக்குக் கட்டுப்படியாகும் கார் என்ற எண்ணத்துக்கு இந்தியாவில் ஒரு பூகோளம் உண்டென்றால், அதில் இரண்டு முக்கிய ஊர்கள் ஹூக்ளி மாவட்டத்தில் இருக்கின்றன. ஒன்றில் கார் செய்து முடித்துவிட்டார்கள். இன்னொன்றில் கார் செய்யவே முடியவில்லை. தம்பி முன்பணம் கட்டும் முன் அந்த இரண்டு ஊர்களையும் பார்த்துவிட்டு வருவது என்று தீர்மானித்தேன். காருக்காக ரயிலில் போவதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

முதல் நிலையம்

ஹௌராவில் தாரகேஸ்வர் லோக்கல். சிங்கூர் வரை பத்து ரூபாய் டிக்கெட். பெட்டிக்குள் ஏறியதுமே கடைத்தெரு தொடங்கிவிடுகிறது: ஜால்முரி, உப்பு தூவிய கொய்யா, கைக்குட்டை, சீப்பு, பல்வலி மருந்து. லிலுவா, பேலூர், பாலி, உத்தர்பாரா என்று நிலையங்கள் கடக்கின்றன. அடுத்த நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பார்த்துப் புதியவர்கள் சற்றுத் திகைப்பார்கள். சாமியின் பெயரோ கிராமத்தின் பெயரோ அல்ல. ஹிந்த் மோட்டார்.

தொழிற்சாலை ஊருக்குப் பெயர் கொடுத்த கதை இது. பி.எம். பிர்லா 1942இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், முதலில் குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இருந்தது. 1948இல் உத்தர்பாராவுக்கு வந்தது. பிரிட்டனின் மாரிஸ் கார்களைத் தழுவி ஹிந்துஸ்தான் 10, லேண்ட்மாஸ்டர் எல்லாம் செய்த பிறகு, மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வார்ப்பில் 1957இல் அம்பாசடர் வந்தது. பிறகு மார்க் 2, மார்க் 3, மார்க் 4, நோவா, கிராண்ட் என்று பெயர்கள் மாறின. முகத்தில் சில கோடுகள் மாறின. உடம்பு மாறவில்லை.

அப்போது கார் வாங்குவதென்றால் மூன்று கதவுகள்தான். கல்கத்தாவில் ஹிந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்டு. எத்தனை கார் செய்யலாம் என்பதை அரசின் உரிமம் தீர்மானித்தது. பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள் மக்கள். வரிசையில் நின்று வாங்கிய பொருளின் குறையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஹாரனைத் தவிர மற்ற எல்லாமே சத்தம் போடும் என்ற பழைய நகைச்சுவையைச் சொன்னவர்கள்கூட அதை ஒருவகைப் பாசத்தோடுதான் சொன்னார்கள்.

நிலையத்தை விட்டு இறங்கி நடந்தால், பெரிய மரங்களும் நீண்ட மதிலும். ஒரு காலத்தில் ஷிப்ட் மாறும்போது சைக்கிள்களால் நிறைந்த சாலையில் இப்போது டோட்டோ எனப்படும் மின்கல ரிக்‌ஷாக்கள் ஓடுகின்றன. ஆலை நிலத்தில் 300 ஏக்கருக்கும் மேல், ஆலை ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, சென்னைக்காரர்களுக்குப் பழக்கமான ஸ்ரீராம் குழுமத்தின் வீட்டு மனை நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அங்கே இன்று அடுக்கு மாடிகள் நிற்கின்றன. பக்கத்தில் டிட்டாகர் நிறுவனம் ரயில் பெட்டிகள் செய்கிறது. கார் செய்த ஊர் ரயிலுக்கு மாறிவிட்டது.

கதவுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் ஒரு முதியவர். வண்ணம் பூசும் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தாராம். இப்போது மகன் கொன்னகரில் செருப்புக் கடை வைத்திருக்கிறார். "எவ்வளவு கார் செய்திருப்பீர்கள்?" என்று கேட்டேன். எண்ணிக்கை சொல்லவில்லை. "டெல்லியில் மந்திரி இறங்கும் வெள்ளைக் காரை டி.வி.யில் பார்த்தால், நான் பூசிய வெள்ளை என்று பெண்டாட்டியிடம் சொல்வேன்" என்றார்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அம்பாசடரின் சரிவு அன்று தொடங்கியது. ஆனாலும் அது உடனே சாகவில்லை. அரசு அலுவலகங்களும் டாக்சிக்காரர்களும் அதைத் தாங்கினார்கள். 1980களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 24,000 விற்ற கார், 2013-14இல் 2,200 ஆகக் குறைந்தது. அப்போது அதன் விலை சுமார் ஐந்து லட்ச ரூபாய். 2014 மே 24 அன்று வேலை நிறுத்திவைக்கப்படுவதாகக் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. சுமார் 2,600 பேர் வெளியே நின்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் பி.பி.சி.யின் டாப் கியர் நிகழ்ச்சி அதை உலகின் சிறந்த டாக்சியாகத் தேர்ந்தெடுத்திருந்தது. 2017இல் அம்பாசடர் என்ற பெயர் மட்டும் பிரான்ஸின் பெஜோ நிறுவனத்துக்கு 80 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது.

அம்பாசடர் மலிவான காராக ஒருபோதும் இருந்ததில்லை. வாங்கும்போது விலை அதிகம், பெட்ரோலும் குடிக்கும். ஆனால் அதற்கு ஒரு மதிப்பு இருந்தது. எந்த மரத்தடி மெக்கானிக்கும் பிரித்து மாட்டிவிடுவார். வேட்டி கட்டியவரும் புடவை கட்டியவரும் குனியாமல் ஏறி உட்காரலாம். பின் இருக்கையில் நான்கு பேரும் ஒரு கூடை மாம்பழமும் அடங்கும். வாங்குகிறவரின் தேவையை அது அறிந்திருந்தது. அதன் தயாரிப்பாளர்களுக்குப் புரியாமல் போனது, தேவை மாறும் என்பது.

இரண்டாவது நிலையம்

அடுத்த தாரகேஸ்வர் லோக்கலைப் பிடித்தேன். ஷியோராபுலியில் தடம் பிரிகிறது. இங்கேதான் சிராவண மாதத்தில் பக்தர்கள் கங்கை நீரை மொண்டு, காவடி போலத் தோளில் சுமந்து தாரகேஸ்வரம் சிவன் கோயிலுக்கு நடப்பார்கள். ஜன்னலுக்கு வெளியே ஆலைப் புகைபோக்கிகள் மறைந்து, நெல் வயலும் குளமும் வாழையும் வருகின்றன. காவிரிக் கரையைப் பார்த்தவர்களுக்கு இது அந்நிய நிலமாகத் தோன்றாது. ஹௌராவிலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில் சிங்கூர்.

ரத்தன் டாடா சொன்ன கதையை எல்லோரும் கேட்டிருப்பார்கள். மழையில் ஒரே ஸ்கூட்டரில் ஒரு குடும்பம்: முன்னால் நிற்கும் குழந்தை, ஓட்டும் அப்பா, பின்னால் கைக்குழந்தையோடு அம்மா. இவர்களுக்கு ஒரு லட்ச ரூபாயில் கார் கொடுத்தால் என்ன? 2006 மே 18 அன்று, இடதுசாரி முன்னணி ஏழாவது முறையாக ஆட்சிப் பொறுப்பேற்ற அதே நாளில், முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவும் ரத்தன் டாடாவும் அந்தக் கார் சிங்கூரில் செய்யப்படும் என்று அறிவித்தார்கள். தொழில்கள் ஓடிப்போன மாநிலம் என்ற பெயரைத் துடைக்க வங்காளத்துக்குக் கிடைத்த வாய்ப்பு அது.

அதற்கு 997 ஏக்கர் நிலம் வேண்டியிருந்தது. 1894ஆம் ஆண்டின் சட்டத்தைக் கொண்டு அரசு அதைக் கையகப்படுத்தியது. நெல், உருளைக்கிழங்கு, சணல், காய்கறி என்று ஆண்டில் பல போகம் விளையும் மண். பலர் காசோலையை வாங்கிக்கொண்டார்கள். ஒரு பகுதியினர் வாங்க மறுத்தார்கள். 2006 டிசம்பரில் மம்தா பானர்ஜி கொல்கத்தாவின் தர்மதலாவில் மூன்று வாரத்துக்கும் மேல் உண்ணாவிரதம் இருந்தார். அதே மாதம், போராட்டத்தில் இருந்த தாபசி மாலிக் என்ற இளம்பெண்ணின் எரிந்த உடல் வேலியிட்ட நிலத்துக்குள் கிடந்தது.

2008 ஜனவரி 10 அன்று டெல்லி கண்காட்சியில் நானோ மேடையேறியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சிங்கூரில் ஆலையும் பெரும்பாலும் எழும்பிவிட்டிருந்தது. ஆகஸ்டில் துர்காபூர் எக்ஸ்பிரஸ் சாலையில் முற்றுகை. அக்டோபர் 3 அன்று டாடா விலகலை அறிவித்தார். சில நாட்களில் கார் குஜராத்தின் சானந்துக்குப் போயிற்று. அந்த மாநிலம் 0.1 சதவீத வட்டியில் கடன் கொடுத்தது. ஒரு லட்ச ரூபாய்க் காரின் விலைப்பட்டியலில் அந்த வட்டியும் இந்த நிலமும் எந்த வரியிலும் எழுதப்படவில்லை.

நிலையத்திலிருந்து டோட்டோவில் இருபது நிமிடம். கோபால்நகர், பேராபேரி, பாஜேமேலியா என்ற பெயர்களை ஒரு காலத்தில் நாளேடுகளுக்காக மொழிபெயர்க்கும்போது எழுதியிருக்கிறேன். நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை. எக்ஸ்பிரஸ் சாலையின் ஓரத்தில் அகன்று கிடக்கும் அந்த நிலத்தில் சில இடங்களில் நெல். பல இடங்களில் ஆளுயரத்துக்குக் காஷ் புல், வெள்ளைப் பூக்களோடு. துர்கா பூஜை வந்துவிட்டது என்று வங்காளிகளுக்குச் சொல்லும் பூ அது. விவசாயிக்கு அது வேறொன்றைச் சொல்கிறது: இங்கே உழவு நடக்கவில்லை.

2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் கையகப்படுத்தியது செல்லாது என்று தீர்ப்பளித்து, 12 வாரங்களில் நிலத்தைத் திருப்பித் தரச் சொன்னது. இழப்பீடு வாங்கியவர்கள் அதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சொன்னது. கொட்டகைகள் இடிக்கப்பட்டன. அப்போது முதல்வராக இருந்த மம்தா அந்த அக்டோபரில் தம் கையால் கடுகு விதைத்தார். ஆனால் மேடாக்கப்பட்டு, சாலை போடப்பட்டு, கான்கிரீட் இறங்கிய மண் தீர்ப்பைப் படித்துவிட்டு மனம் மாறுவதில்லை.

வரப்பில் சந்தித்த ஒருவர் காசோலை வாங்க மறுத்தவர். மூன்று பீகா நிலம். ஒன்றரையில் பயிர் வைத்திருக்கிறார். மீதியில் கடப்பாரை போட்டால் செங்கல்தான் வருகிறது என்கிறார். "வருத்தம் உண்டா?" என்றேன். "நிலம் என் பெயரில் இருக்கிறது" என்றார், சுருக்கமாக.

சாலையோரத்தில் சைக்கிள் பழுது பார்க்கும் இன்னொருவர் நிலத்தை மனமார விற்றவர். ஆலை வேலைக்காகப் பயிற்சிக்கும் போய் வந்தவர். "அன்று எனக்கு 22 வயது. ஊரில் முதல் நீலச் சட்டை என்னுடையதாக இருந்திருக்கும்" என்கிறார். இருவர் வீட்டுக்கும் நடுவே அரை கிலோமீட்டர் இருக்கும். இன்றும் இருவரும் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போவதில்லையாம்.

நானோ என்ன ஆயிற்று? 2009 மார்ச் 23 அன்று விற்பனைக்கு வந்தது. விற்பனையாளருக்கு ஒரு லட்சம் என்பது வாக்கு. வரியும் போக்குவரத்தும் அதற்கு மேல். 623 சி.சி. இன்ஜின், பின்பக்கத்தில். சக்கரத்துக்கு நான்கு நட்டுக்குப் பதில் மூன்று. கண்ணாடியைத் துடைக்க ஒரே வைப்பர். பெட்ரோல் போட முன் மூடியைத் திறக்க வேண்டும். பொறியாளர்கள் கிராம் கிராமாகச் சிக்கனம் பிடித்த விதம் உண்மையிலேயே சாதனைதான். இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் முன்பதிவு செய்தார்கள். பிறகு சில கார்கள் தீப்பிடித்த செய்திகள் வந்தன. 2014இல் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் செய்யத் திட்டமிட்ட காரில் எந்த ஆண்டிலும் ஒரு லட்சம் விற்கவில்லை. 2018 ஜூனில் ஒரே ஒரு கார் செய்யப்பட்டது. அத்தோடு முடிந்தது.

உலகிலேயே மலிவான கார் என்று அதை அறிமுகப்படுத்தியது தவறு என்று ரத்தன் டாடாவே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஸ்கூட்டரிலிருந்து இறங்கிக் காரில் ஏறும் குடும்பம், தான் ஒரு படி ஏறிவிட்டதை ஊர் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறது. மலிவான கார் வாங்கினார்கள் என்று ஊர் சொல்வதை விரும்புவதில்லை.

திரும்பும் ரயிலில் இந்தச் சொல்தான் மண்டையில் ஓடியது. மலிவு என்பதற்கு இன்று நாம் கொள்ளும் பொருள் குறைந்த விலை. ஆனால் மலிதல் என்றால் நிறைதல், மிகுதல். எங்கும் நிறையக் கிடைப்பதால் விலை குறைவது மலிவு. நிலத்தை அடித்துப் பிடுங்கியோ, வட்டியை வரிப்பணத்தில் கட்டியோ, பாதுகாப்பைக் கழற்றிவைத்தோ விலையைக் குறைத்தால் அதற்கு வேறு சொல்தான் தேட வேண்டும். மீதிப் பணத்தை வேறு யாரோ கட்டுகிறார்கள். 2023 அக்டோபரில் நடுவர் மன்றம் டாடா மோட்டார்ஸுக்கு 765.78 கோடி ரூபாயும் வட்டியும் கொடுக்கும்படி மேற்கு வங்கத் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு உத்தரவிட்டது. கார் ஓடாத ஊரில் அந்தக் காருக்கான ரசீது இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

மூன்று புத்தகங்கள்

அன்று இரவு லேக் மார்க்கெட் வீட்டில் அந்த விளம்பரப் புத்தகங்களைத் தம்பியோடு உட்கார்ந்து படித்தேன். அவன் பார்த்துவைத்ததில் ஒன்று டாடாவின் பஞ்ச். 2021 அக்டோபரில் 5.49 லட்சம் அறிமுக விலையில் வந்த கார். 2024இல் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் அதுதான். நாற்பது ஆண்டுகளாக மாருதியிடமே இருந்த முதலிடத்தை, நானோவில் தோற்ற நிறுவனம், நானோவைப் போல ஐந்து மடங்கு விலையுள்ள ஒன்றைக் கொண்டு பிடித்துவிட்டது. மலிவை விற்க முடியாதவர்களால் உயரத்தை விற்க முடிந்தது.

இந்த ரகக் கார்கள் பிறந்தது ஒரு வரிச் சலுகையால் என்பது பலருக்குத் தெரியாது. 2006 பட்ஜெட்டில், நான்கு மீட்டர் நீளத்துக்குள் இருக்கும், சிறிய இன்ஜின் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. அன்றிலிருந்து நிறுவனங்கள் எல்லாவற்றையும் அந்த நான்கு மீட்டருக்குள் அடக்கத் தொடங்கின. 2013இல் ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 2016இல் மாருதி பிரெஸ்ஸா, 2017இல் டாடா நெக்ஸான், 2019இல் ஹூண்டாய் வென்யூ, 2020இல் நிசான் மேக்னைட். இவற்றில் பாதி தமிழ்நாட்டில் உருவானவை. ஈகோஸ்போர்ட் மறைமலை நகரில், வென்யூ ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், மேக்னைட் ஒரகடத்தில். உத்தர்பாரா விட்ட இடத்தைச் சென்னைப் புறநகர் பிடித்தது. ஆனால் மறைமலை நகர் ஆலையும் 2022இல் ஓய்ந்தது. உத்தர்பாராவைப் பார்த்து எந்த ஊரும் நிம்மதியாகச் சிரித்துவிட முடியாது.

2025 செப்டம்பர் 22 முதல் அந்த நான்கு மீட்டர் ரகத்துக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. மேல்வரியும் நீங்கியது. பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1500 சி.சி.க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் 40 சதவீதம். கொல்கத்தா மூழ்கத் தொடங்கிய இரவும் கார் விலை குறைந்த நாளும் ஒன்றே.

"அப்படியென்றால் வாங்கலாம்தானே?" என்றான் தம்பி.

வாங்கலாம். ஆனால் என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும். ஜீப் போன்ற முகம் இருந்தாலும் இவை ஜீப் அல்ல. கனமான சட்டத்தின் மேல் உடலை ஏற்றிய வண்டிகள் அல்ல, சாதாரணக் காரைப் போலவே ஒரே கூடாகச் செய்யப்பட்டவை. முன் சக்கரங்கள்தான் இழுக்கும். தரையிலிருந்து அடிவயிறு வரை பஞ்சில் 187 மில்லிமீட்டர், மேக்னைட்டில் 205. கொல்கத்தாவின் டிராம் தண்டவாளக் குழிக்கும் சென்னையின் வேகத்தடைக்கும் இது பெரிய நிம்மதி. ஆனால் வெள்ளத்தில் அந்த உயரத்தை நம்பி இறங்கக்கூடாது. இன்ஜின் காற்றிழுக்கும் வாயில் தண்ணீர் நுழைந்தால் பிஸ்டன் தண்ணீரை அழுத்த முயன்று உள்ளேயே நொறுங்கும். சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் அந்தச் செலவை ஏற்பதில்லை. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகச் சில ஆயிரம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். நின்றுபோன காரைத் தண்ணீருக்குள் மறுபடி கிளப்பிப் பார்க்கவே கூடாது.

இரண்டாவது, நட்சத்திரம். 2018 டிசம்பரில் நெக்ஸான்தான் குளோபல் என்கேப் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய முதல் இந்தியக் கார். 2021இல் பஞ்சும் வாங்கியது. 2023 முதல் நமக்கே பாரத் என்கேப் இருக்கிறது. மேற்கூரைக் கண்ணாடிக்கும் பெரிய திரைக்கும் அறுபதாயிரம் அதிகம் கொடுக்கத் தயங்காத நாம், நட்சத்திரத்தைக் கேட்காமலே வருகிறோம். நானோவின் மூன்று நட்டைக் கேலி செய்ய நமக்கு என்ன உரிமை?

மூன்றாவது, விலைப்பட்டியலின் முதல் எண்ணை நம்பாதிருப்பது. அது காட்சிக்கூட விலை. பதிவு, சாலை வரி, காப்பீடு சேர்ந்து வீட்டு வாசலுக்கு வரும்போது வேறு எண்ணாகியிருக்கும். அடிப்படை ரகத்தைக் காட்டி அழைத்து, மூன்றாவது ரகத்தைக் கையெழுத்து வாங்கி அனுப்புவது விற்பனையாளர் கலை. தம்பியின் காகிதத்தில் ஏழு லட்சத்தில் தொடங்கியது பத்தே காலில் நின்றிருந்தது. மேற்கூரைக் கண்ணாடியை அடித்தோம். பெரிய சக்கரத்தை அடித்தோம். ஆறு காற்றுப் பைகளை அப்படியே விட்டோம். இன்ஜின் பாதுகாப்பை எழுதிச் சேர்த்தோம். ஒன்பதுக்குக் கீழே வந்தது.

பின் இருக்கை

மறுநாள் காட்சிக்கூடத்துக்குச் சித்தப்பாவையும் அழைத்துப் போனோம். போனது மஞ்சள் டாக்சியில்தான். அன்று மழையில் உதவிய அதே ஓட்டுநர். எங்கே போகிறோம் என்று தெரிந்ததும் சற்று மௌனம். பிறகு, "நல்லது பாபு. இந்த வண்டிக்கு 2027 வரைதான் காகிதம். அதற்கப்புறம் நானும் ஒன்று பார்க்க வேண்டும்" என்றார்.

"என்ன வண்டி?"

"கடன் எது கொடுக்குமோ அது."

காட்சிக்கூடத்தில் பளபளக்கும் காரைச் சுற்றி இளைஞர்கள் திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா எதையும் தொடவில்லை. பின் கதவைத் திறக்கச் சொன்னார். ஊன்றுகோலைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, திரும்பி நின்று, மெல்ல உட்கார்ந்தார். குனியவில்லை. தலை இடிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை. கால்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"அம்பாசடர் உயரம்தாண்டா இது" என்றார்.

விற்பனைப் பிரிவு இளைஞனுக்குத் தமிழ் தெரியாது. கார் பிடித்துவிட்டது என்று மட்டும் புரிந்துகொண்டு, மேற்கூரைக் கண்ணாடி உள்ள ரகத்தைக் காட்டட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று நாங்கள் மூவரும் ஒரே குரலில் சொன்னோம்.

தம்பி முன்பணம் கட்டிவிட்டு வெளியே வந்தபோது டாக்சி நிழலில் நின்றுகொண்டிருந்தது. காத்திருந்ததற்கு எவ்வளவு என்று கேட்டால் ஓட்டுநர் தலையை ஆட்டினார். சித்தப்பா முன் இருக்கையில் அவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டு, புதிய காரின் விலையைச் சொன்னார். அதில் மாதத் தவணை எவ்வளவு, எத்தனை ஆண்டு, வட்டி என்ன என்று ஓட்டுநர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே ராஷ்பிஹாரி அவென்யூ வரை ஓட்டினார். இறங்கும்போது வட்டி விகிதத்தை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொன்னார். தம்பி எழுதிக் கொடுத்தான்.